வாசலோடு நின்றுபோன குதிகால் வைத்தியம்

ஜவுளிக் கடையில் வாங்க வந்தவர்கள் உட்காருவார்கள், முதலாளி உட்காருவார், துணிகூட அலமாரியில் படுத்துக் கிடக்கும். நின்றுகொண்டே இருப்பது விற்கிறவன் மட்டும்தான். கோவை ஒப்பணக்கார வீதியில் ஒரு பெரிய கடையின் பட்டுப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக இருக்கிறேன். வயது ஐம்பத்து மூன்று. காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முன் தரையை எதிரியைப் பார்ப்பதுபோல் ஒரு கணம் பார்க்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவர்களுக்கு என்னைப் பற்றி இதற்குமேல் அறிமுகம் தேவையில்லை. மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள். அவர்கள் உட்கார்ந்துகொண்டே படிக்கலாம்.

பளிங்கு வந்தது

முன்பெல்லாம் பட்டுப் பிரிவில் வெள்ளை விரித்த மெத்தைதான். வாங்குகிறவரும் விற்கிறவரும் எதிரெதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து வியாபாரம் நடக்கும். மெத்தை அழுக்காகக் கூடாது என்று வாசலிலேயே எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட வேண்டும். சில வருடங்களுக்கு முன் முதலாளியின் மகன் பம்பாய் போய் வந்தார். அவரைச் சின்னவர் என்போம். போன இடத்தில் என்ன பார்த்தாரோ, வந்த மாதமே மெத்தை போயிற்று. கண்ணாடி கவுன்டர் வந்தது. அதற்கு அந்தப் பக்கம் வாடிக்கையாளர்களுக்குப் பஞ்சு வைத்த நாற்காலி, இந்தப் பக்கம் எங்களுக்கு வடக்கே இருந்து வந்த வெள்ளைப் பளிங்கு. மெத்தை போனாலும் செருப்புச் சட்டம் மட்டும் போகவில்லை. பட்டு லட்சுமி, லட்சுமி முன்னால் செருப்பா என்றார் பெரிய முதலாளி. இப்படியாக, ஏசியில் குளிர்ந்த கல்லின்மேல் நாளெல்லாம் வெறுங்காலோடு நிற்கும் பாக்கியம் எங்கள் பிரிவில் பன்னிரண்டு பேருக்குக் கிடைத்தது.

கூடவே ஒரு விதியும் வந்தது. கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் விற்பனையாளர் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் கடை தூங்குகிறது என்று அர்த்தமாம். அதைக் கண்காணிக்க ஓர் ஆள் வேண்டுமே. மூத்தவன் என்று என்னை மேற்பார்வையாளர் ஆக்கினார்கள். சட்டையில் ஒரு பெயர்ப் பட்டையைக் குத்திக்கொண்டு நானும் நின்றேன், அதே கல்லின்மேல்தான், ஆனால் கொஞ்சம் நிமிர்ந்து. மகள் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்க மேட்டுப்பாளையத்திலிருந்து வந்த பாக்கு வியாபாரி ஒருவர், நாலு மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து நாற்பது சேலை பிரிக்கவைத்துவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏனுங்க, கோயல்ல பூசாரிகூட நடை சாத்துனா உக்காந்துக்குவாருங்க. நீங்க எப்பத்தானுங்க உக்காருவீங்க?"

அட்டைப் பெட்டி

ரங்கசாமி சூலூர்க்காரன். என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். பிரித்துப் போட்ட பட்டுச் சேலையை மடிப்புக் கலையாமல் திரும்ப மடிப்பதில் கடையில் அவனுக்கு நிகர் கிடையாது. காலையில் பஸ்ஸில் நின்றுகொண்டு வருவான், கடையில் நிற்பான், மறுபடி பஸ்ஸில் நின்றுகொண்டு போவான். பளிங்கு போட்டு ஆறேழு மாதத்தில் குதிகால் வலிக்கிறது என்றான். காலையில் எழுந்து முதல் அடி வைத்தால் கண்ணாடிச் சில்லை மிதித்தாற்போல் இருக்கிறதாம். பத்து அடி நடந்தால் குறைந்துவிடுகிறதாம். சாயங்காலமானால் திரும்பி வருகிறதாம். பத்து அடியில் போய்விடுகிற வலி என்ன வலி என்று எனக்கு நியாயமான சந்தேகம். பதினோரு மணிக்குக் கடைக்குள் அவன் ஒழுங்காக நடப்பதைத்தான் கண்ணால் பார்க்கிறேனே.

ஒருநாள் மத்தியானம், கூட்டமில்லாத நேரம். கவுன்டருக்குப் பின்னால் சேலை வந்த அட்டைப் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான். கவுன்டரில் குவிந்த சேலைகளுக்கு மேலே தலை மட்டும் தெரிந்தது. நான் அவனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேரே சின்னவரிடம் போய்ச் சொன்னேன். சட்டையில் இருந்த பட்டைதான் சொல்லவைத்தது என்று பல நாள் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பட்டைக்கு வாய் ஏது.

சின்னவர் சத்தம் போடவில்லை, படித்தவர். ரங்கசாமியைப் பட்டுப் பிரிவிலிருந்து எடுத்து வாசலுக்கு மாற்றினார். உள்ளே வருகிறவர்களைக் கைகூப்பி 'வாங்க வாங்க' என்று வரவேற்கிற வேலை. உட்கார்ந்த குற்றத்துக்கு நாளெல்லாம் நிற்கிற தண்டனை. இதைவிடப் பொருத்தமாக எந்தக் கோர்ட்டும் தீர்ப்பு எழுதாது. அன்று சாயங்காலம் அவனிடம் வருத்தம் தெரிவிக்கத்தான் வாயைத் திறந்தேன். "சின்னவருக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னே தெரியல" என்று வந்து விழுந்தது. அவன் என் பெயர்ப் பட்டையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"உடுங்கண்ணா. அடுத்தவன் காலு நமக்கு மரக்கட்டைதானுங்க, நம்ம காலுக்கு வர்ற வரைக்கும்."

வலி முகவரி கேட்டு வந்தது

வந்தது. அடுத்த வருடம் ஆடித் தள்ளுபடி முடிந்த மறுநாள், காலையில் இடது காலைத் தரையில் வைத்தேன். யாரோ கட்டிலுக்கு அடியில் ஆணியை நிமிர்த்திவைத்துக் காத்திருந்தாற்போல் இருந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போனேன். திரும்பி வருகையில் பாதி வலி இல்லை. காபி குடித்து முடிக்கையில் சுத்தமாக இல்லை. எனக்கு வலியைவிட அது போன விதம்தான் பயமாக இருந்தது. ரங்கசாமி சொன்னதை வார்த்தை மாறாமல் என் கால் சொல்லிக்கொண்டிருந்தது.

பத்து நாள் இப்படியே போயிற்று. காலையில் நொண்டி, நடுப்பகலில் ராஜநடை, கடை மூடுகையில் மறுபடி நொண்டி. இந்த வலிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. சாட்சி வந்து நிற்கிற நேரத்தில் ஆளைக் காணோம் என்று போய்விடும். அனுபவித்தவர்களுக்குத் தெரியும். என் மனைவி சரோஜா அடுப்படி வாசலில் நின்று இரண்டு வேளையும் என்னைக் கவனித்துவிட்டு, நான் ரங்கசாமியைப் பற்றி என்ன நினைத்தேனோ அதையே என்னிடம் கேட்டாள்.

"வெடிஞ்சா நொண்டறீங்க. டவுன் பஸ்ஸக் கண்டா ஓடறீங்க. இதுல நான் எதைத்தானுங்க நம்பறது?"

செங்கல்

பட்டு எடுக்க வருகிறவர்களுக்கு எதிரே நிற்கிறவன் கொஞ்சம் முகம் சுளித்தால் போதும், சேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வைத்தியத்தில் இறங்கிவிடுவார்கள். ஒருவர் வேப்பெண்ணெய் என்றார். ஒருவர் கோலிகுண்டை மிதிக்கச் சொன்னார். ஒரு அம்மாள் இது உடம்புச் சூடு, வெந்தயம் சாப்பிடுங்கள் என்றார். அவர் கூட வந்தவர் இது குளிர்ச்சி, வெந்தயத்தைத் தொடவே தொடாதீர்கள் என்றார். இருவரும் ஒரே வீட்டுக்காரர்கள். என் காலை வைத்து அவர்கள் பழைய கணக்கு ஒன்றைத் தீர்த்துக்கொண்டார்கள் என்று நினைக்கிறேன்.

எல்லாரையும்விட உறுதியாகப் பேசியவர் தொண்டாமுத்தூரிலிருந்து வந்த ஒரு தோட்டத்து அம்மணி. செங்கல்லை அடுப்பில் சுடவைத்து, அதன்மேல் எருக்கு இலையைப் போட்டு, குதிகாலை வைத்து அழுத்த வேண்டும். மூன்றே நாள் என்றார். எருக்கு இலைக்காக ரயில் பாதை ஓரமாக அரை மைல் நடந்தேன். குதிகால் வலிக்காரன் மருந்து தேடி அரை மைல் நடப்பதில் உள்ள புத்திசாலித்தனம் அப்போது எனக்குத் தெரியவில்லை. செங்கல் எவ்வளவு சுட வேண்டும் என்று நான் அவரைக் கேட்கவும் இல்லை. முதல் நாளே தோல் வெந்து கொப்புளம் வந்துவிட்டது. ஒரு நன்மை மட்டும் நடந்தது: அந்த வாரம் முழுவதும் எல்லா நேரமும் நொண்டினேன், எல்லாரும் நம்பினார்கள். ரவிக்கைத் துணி மாற்ற மறுபடி வந்த அம்மணியிடம் கொப்புளத்துக்குப் போட்ட கட்டைக் காட்டினேன். அவர் சற்றும் கலங்காமல் ஒரு கேள்வி கேட்டார்.

"அதென்ன, நாட்டுச் செங்கல்லுங்களா, சேம்பர் செங்கல்லுங்களா?"

எலும்பில் ஒரு முள்

கொப்புளம் ஆறியதும் ஒரு எலும்பு டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரே எடுத்தார்கள். குதி எலும்பின் அடியில் ரோஜாச் செடி முள் மாதிரி ஒன்று முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்ன சொல்ல. கடைசியில் ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. அந்தப் பெரிய உறையை பஸ்ஸில் யாரும் கேட்காமலே மூன்று பேரிடம் பிரித்துக் காட்டினேன். சரோஜாவிடம் விளக்கொளியில் பிடித்துக் காட்டினேன்.

மறுநாள் கொண்டுபோனபோது டாக்டர் அதை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேஜையில் போட்டார். முள் குற்றவாளி இல்லையாம். முள் இருந்தும் வலியே இல்லாமல் நிறையப் பேர் ஊரில் நடமாடுகிறார்களாம். குதிகாலிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலுக்கு அடியில் ஒரு பட்டையான நார் போகிறது, பாதத்தின் வளைவைத் தாங்குவது அதுதான் என்றார். "நீங்க ஜவுளிக்காரரு, உங்களுக்குச் சுலபமாப் புரியும். ஒரு பையோட கைப்பிடியில தெனமும் பாரம் தொங்குனா எங்க முதல்ல விட்டுப்போகும்? தையல் போட்ட எடத்துல. அந்த நாரு குதியில தைச்ச எடம்தான் உங்களுக்கு நோவுது." படுத்திருக்கையில் அது சுருங்கிக் கிடக்குமாம், காலையில் முதல் அடி வைத்ததும் திடீரென்று இழுபடுகிறது, அதனால் அந்தக் குத்தல், நாலு எட்டு நடந்தால் இளகிவிடுகிறது. ரங்கசாமியின் பத்து அடிக்கு இவ்வளவு எளிய காரணம் இருந்திருக்கிறது.

இறங்கும் முன் கட்டிலிலேயே கால் விரல்களை முழங்கால் பக்கமாக இழுத்துப் பிடிக்கச் சொன்னார். சுவரில் கை ஊன்றி, வலிக்கிற காலைப் பின்னால் நீட்டி, குதி தரையை விட்டு எழும்பாமல் கெண்டைக்காலை இழுக்கச் சொன்னார். ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலால் உருட்டச் சொன்னார். வெறுங்காலோடு நிற்கவே கூடாது, எம்.சி.ஆர். என்கிற மெத்தென்ற ரப்பர் செருப்பு வாங்கிப் போட வேண்டும், மணிக்கு ஒருமுறையாவது உட்கார வேண்டும், குணமாக மாதக்கணக்கு ஆகும் என்றார். இவ்வளவும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எனக்கு ஏமாற்றம். ஒரே ஊசியில் தீர்த்துவிடலாம் என்கிறார்களே என்று கேட்டேன்.

"கடைசியாப் பாத்துக்கலாமுங்க. ஆனா ஒண்ணு, அந்த ஊசி உங்களுக்குப் பதிலா அந்தக் கல்லு மேல நிக்காது."

புதுச் செருப்பு

எம்.சி.ஆர். செருப்பு அன்றே வாங்கினேன். நீல நிறம், பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தது. கால் வைத்தபோது கண்ணில் தண்ணீர் வரப்பார்த்தது. அதைப் போட்டுக்கொண்டு வீட்டு வாசல் வரை நடந்து, வாசலில் கழற்றினேன். வீட்டுக்குள் செருப்பா? காலையில் போட்டுக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை, இறங்கிக் கடை வாசல் வரை; அங்கே கழற்றி டோக்கன் வாங்கினேன். பட்டு லட்சுமி. சாயங்காலம் டோக்கன் கொடுத்து வாங்கி, பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் அப்போதும் அதன்மேல் நிற்காமல் உட்கார்ந்தே வந்தேன். ஒரு மாதம் மருந்தை ஒருநாள் தவறாமல் இப்படிச் சாப்பிட்டுவிட்டு டாக்டரிடம் போய், உங்கள் செருப்பில் குணமே இல்லை என்று புகார் சொன்னேன். அவர் ஒவ்வொரு மணி நேரமாகக் கேட்டுக் கூட்டிப் பார்த்தார். மொத்தம் நாளுக்கு இருபது நிமிடம் தேறியது. மீதி நேரம் என் வைத்தியம் வாசலில் இருந்தது, நான் உள்ளே கல்லில் இருந்தேன். டாக்டர் சிரிக்கவில்லை. இங்கே வருகிறவர்களில் நிறையப் பேர் இதையே செய்கிறார்கள் என்று மட்டும் சொன்னார்.

வீட்டுக்குள் போட இன்னொரு ஜோடி வாங்கினேன். தெருவில் படாதது, பூஜை அறைப் பக்கம் போகாதது என்று சரோஜாவிடம் இரண்டு நிபந்தனைகளில் கையெழுத்துப் போடாத குறை. கடைக்குள் போடுவதற்கு மட்டும் கேட்கவே வாய் வரவில்லை. விதியைக் காவல் காக்கிறவன் எந்த முகத்தோடு விதிவிலக்கு கேட்பது. எங்கள் செருப்பு ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கும் மாரியம்மாள் ஒருநாள் என் செருப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வியந்தாள்.

"எத்தனை மாசமாச்சுங்க, அடி துளிகூடத் தேயலீங்களே. நல்ல கம்பெனிங்க போல."

சீட்டு

கடைசியில் டாக்டர் எழுதிய தாளை எடுத்துக்கொண்டு சின்னவரிடம் போனேன். அவர் படித்துவிட்டு, "மூத்தவருங்க நீங்க, உங்களுக்கு இல்லாததா" என்றார். தெருவில் படாத செருப்பு லட்சுமிக்கு ஆட்சேபணை இல்லை என்று பெரியவரிடம் அனுமதி வாங்கித் தந்தார். எனக்கு மட்டும் ஒரு ஸ்டூலும் போட்டார்கள். மேற்பார்வையாளர் உட்கார்ந்தால் அது தூக்கமில்லை, மேற்பார்வை. ஸ்டூலில் உட்கார்ந்தால் கண்ணாடிக் கதவு நேரே தெரியும். கதவுக்கு அந்தப் பக்கம் ரங்கசாமியின் முதுகு. ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு உடம்பை மாற்றி மாற்றி, கும்பிட்டுக்கொண்டே இருந்தது அந்த முதுகு. ஒரு வாரம் அதைப் பார்த்தேன். முதல் நாளே எழுந்து போயிருக்கலாம்.

எட்டாம் நாள் சாப்பாட்டு வேளையில் அவனிடம் போய், எனக்குத் தெரிந்த நாரையும் தையலையும் பாட்டிலையும் சுவரையும் ஒரு டாக்டர் மாதிரி விளக்கினேன். உட்காருவது ரொம்ப முக்கியம் என்றும் சொன்னேன். அவன் பொறுமையாகச் சோற்றுப் பாத்திரத்தை மூடினான். பெட்டியின்மேல் உட்கார்ந்த அந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால்தான் பெரியாஸ்பத்திரிக்குப் போய் வந்தானாம். இதே நார், இதே சுவர், இதே 'சித்த உக்காரணும்'.

"அதுக்குத்தானுங்கண்ணா உக்காந்தேன். சீட்டும் சட்டைப் பையிலதான் இருந்துது. நீங்க கேக்கலீங்களே."

ஒரே ஒரு ஸ்டூல்

அன்றைக்கே சின்னவரிடம் போனேன். ரங்கசாமி உட்கார்ந்தான் என்று சொன்னவன் நான்தான், ஏன் உட்கார்ந்தான் என்று கேட்காமல் சொன்னேன், அது தப்பு, அவனைப் பட்டுக்கே திருப்பி எடுக்க வேண்டும், உட்காரவும் விட வேண்டும் என்றேன். இதை நினைத்துப் பார்த்ததில் ஆறு விதமாக அழகாக வந்திருந்தது, சொன்னபோது குழறியது. சின்னவர் பேனாவை மூடிவைத்தார். "மேற்பார்வை பண்றவரே எல்லாரையும் உக்காரவெக்கச் சொன்னா, நான் அப்பறம் உங்களை எதுக்குங்க மேற்பார்வைக்கு வெச்சுக்கறது?" என்றார். நியாயமான கேள்வி. அந்த மாதமே பெயர்ப் பட்டை நன்றாக நிற்கக்கூடிய வேறொருவருக்குப் போயிற்று. ரங்கசாமியைப் பட்டுக்கு எடுக்கவில்லை. வாசலில் அவன் முகம் ராசியாக இருக்கிறதாம். ஸ்டூல் விஷயத்தில் மட்டும் இறங்கி வந்தார். கடை முழுக்க ஸ்டூல் போட்டால் கல்யாண மண்டபம் ஆகிவிடும், இருக்கிற ஒன்றை இருவரும் வைத்துக்கொள்ளுங்கள் என்றார்.

ஆக, மத்தியானம் வரை ஸ்டூல் வாசலில், அதற்குமேல் பட்டில். அவனுக்கும் தெருவில் படாத ஒரு ஜோடி செருப்புக்கு அனுமதி கிடைத்தது. சாப்பாட்டுக்குப் பின் இருவரும் கிடங்குச் சுவரில் கை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, அரை அரை நிமிடம் நிற்கிறோம். முதல் நாள் அந்த வழியாக வந்த சின்னவர் நின்று பார்த்து, "தள்ளிக் கடைய அகலம் பண்றீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனார். காலையில் இறங்கும்போது இருந்த ஆணி, மாதங்கள் போகப் போக முதலில் மழுங்கி, பிறகு வெறும் கூழாங்கல் ஆயிற்று. ரங்கசாமிக்கும் அப்படித்தான் என்கிறான். இப்போது நான் கேட்கிறேன், அவன் சொல்கிறான்.

ஸ்டூலை முதன்முதலாக வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போனவன் நான்தான். அவன் பின்னால் வைத்து, "உக்காரு ரங்கசாமி, அன்னைக்கு நான் பண்ணினது தப்பு" என்றேன். இரண்டு வருடம் கழித்து வந்த வாக்கியம் என்பதால் அது ரொம்பச் சின்னதாகத் தெரிந்தது. அவன் ஸ்டூலைப் பார்த்தான், தன் கூப்பிய கைகளைப் பார்த்தான், மெல்ல உட்கார்ந்தான்.

"உக்காந்துட்டேனுங்க. ஆனா இப்படி உக்காந்துட்டுக் கும்புட்டா, வர்ற சனம் சில்லறை போட்டுட்டுப் போயிருமுங்கண்ணா."

குதிகால் வலிக்குச் சுவரும் பாட்டிலும் செருப்பும் மருந்து என்று சொல்லிவிட்டேன். அடுத்தவனுக்கு வலிக்கவே இல்லை என்று அடித்துச் சொல்கிற வியாதிக்கு, எனக்குத் தெரிந்தவரை, குதிகால் வலி ஒன்றுதான் மருந்து.